மிச்சத் தண்ணி

கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில், உப்பளம் தொடங்குகிற இடத்தில் ஓர் ஓலைக்குடிசை. அதில் ஒரு சாமி இருந்தாள். பெண் சாமி. பெயர் உலகம்மை. நாங்கள் அம்மை என்போம். அவள், இவள் என்றுதான் பேசுவோம். மாரியம்மனை யாராவது அவர், இவர் என்பார்களா?

அவளுக்கு வயது நாற்பதுதான் இருக்கும். காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. சாதாரண நூல்சேலை. நான் அந்தக் குடிசையில் கஞ்சி காய்ச்சுகிறவள். என் பெயர் சொர்ணம். அடுப்பு பார்ப்பேன், வருகிறவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுப்பேன்.

தண்ணீர் மோந்து கொடுப்பதை லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். யார் என்ன குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் அம்மை கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"தண்ணி குடிச்சியளா?"

ஒரு மாமியார்க்காரி மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மத்தியானமானா கண்ணச் சொருகுதா அம்மை. உக்காந்தா உக்காந்த எடம். கேட்டாப் பதிலே இல்ல. பேய்தான் புடிச்சிருக்கு."

"தண்ணி குடிச்சியாட்டி?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள் அம்மை.

"காலைலேருந்து வேல சரியா இருந்துச்சு."

ரெண்டு செம்பு மோந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் முகத்தில் ரத்தம் ஓடியது. எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள். பேய் செம்போடு போய்விட்டது. மாமியார்க்காரிக்குத்தான் ஏமாற்றம். பேய்க்குக் கொடுக்க ஒரு சேவலை வேறு தூக்கி வந்திருந்தாள்.

இப்படித்தான் தவசிமுத்து அண்ணாச்சியும் வந்தார்.

அந்தப் பக்கத்து உப்பளத்தில் பெரிய அளம் அவருடையது. அம்மையைவிட இருபது வயது மூத்தவர். வந்தபோது ஆள் துவண்டு போயிருந்தார்.

"மத்தியானத்துக்கு மேல ஒண்ணுமே ஓட மாட்டேங்கு அம்மை. தல பாரமா இருக்கு. எல்லாரு மேலயும் எரிஞ்சு எரிஞ்சு விழுதேன். டாக்டரு எல்லா டெஸ்டும் பாத்துட்டாரு. ஒண்ணும் இல்லங்காரு."

"தண்ணி குடிச்சியளா?"

"எத்தன காப்பி, எத்தன டீ குடிக்கேன்."

"அதக் கேக்கல. தண்ணி."

அண்ணாச்சி யோசித்தார். அவருக்கே ஞாபகம் இல்லை.

சொன்னபடி குடித்தார். ஒரு மாதத்தில் ஆள் மாறிப்போனார். நடையில் வேகம் வந்தது, பேச்சில் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அம்மைதான் குரு, அவர்தான் முதல் சீடர். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் பழத்தட்டோடு வருவார். தோளில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் தொங்கும். கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பாடம்.

"ஒடம்புக்குத் தெம்பு வேணுமா? தண்ணி குடிங்க. மூளைக்கும் அதான், முட்டிக்கும் அதான்."

சித்திரை பிறந்ததும் பைபாஸ் ரோட்டில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். பானையைவிட பேனர் பெரிசு. பேனரில் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

அவரிடம் ஒரு சிரிப்பு வசனம் உண்டு. "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாவ. நான் உப்பு விக்கவன்லா, அதான் தண்ணி குடுக்கேன்!" சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். சுற்றி நிற்கிறவர்களும் சிரித்தாக வேண்டும். முதலாளி அல்லவா.

நான் சிரித்ததில்லை. என் கூடப்பிறந்த தங்கச்சி சுடலைவடிவு அவர் அளத்தில்தான் உப்பு வாருகிறாள். புருஷன் இருந்தும் இல்லாத கணக்கு. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டுமென்றால் வடிவின் ரெண்டு கை ஓட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஒரு கேள்வியோடு வந்தார்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"நம்ம அளத்துல பொம்பளைக காலைல சிட்டாப் பறக்காவ. வெயில் ஏறுச்சோ, போச்சு. வாடுன கீரத்தண்டு மாதிரி நிக்காவ. ஒருத்தி கையும் ஓட மாட்டேங்கு. இது என்ன சாபம்?"

"தண்ணி குடிக்காவளா?"

"அங்கதான் விஷயமே இருக்கு. டிரம் நெறைய நல்ல தண்ணி வச்சிருக்கேன். சாயங்காலம் பாத்தா வச்சது வச்சபடி கெடக்கு. எவளும் தொட மாட்டேங்கா."

"ஏன்னு கேட்டியளா?"

"கேட்டாச் சிரிக்காளுவ. முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்காளுவ, அம்மை. எல்லாம் கொழுப்பு. போன வாரம் வடிவுன்னு ஒருத்தி வரப்புலயே மயங்கி விழுந்துட்டா. கங்காணி தண்ணி கொண்டுபோய்க் குடுத்தா, வாயக் கொப்புளிச்சுத் துப்புதா. முழுங்க மாட்டேங்கா. இன்னொருக்க விழுந்தா நிறுத்திருவேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கேசு என் தலையிலலா விடியும்."

கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தேன். வடிவு என் தங்கச்சி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

"நீங்க ஒரு நாள் அளத்துக்கு வரணும் அம்மை. தண்ணியோட அருமைய எடுத்துச் சொல்லணும். அவளுவளுக்குப் புத்தி வரணும்."

"வாரேன்" என்றாள் அம்மை. "புத்தி வரட்டும்."

அவர் போனபிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஒந்தங்கச்சி ஏன் குடிக்க மாட்டேங்கா?"

சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அம்மை கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்துக்கு அளத்துக்குப் போனோம்.

உப்பளத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. கண்ணுக்கு எட்டினமட்டும் பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. எல்லாம் வெள்ளை. மரம் கிடையாது, செடி கிடையாது. நாய் காலைத் தூக்க ஒரு கல் கிடையாது. அந்த வெள்ளையில் பொம்பளைகள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி, நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். என் தங்கச்சியும் அதில் நின்றாள். உதடு வெடித்திருந்தது.

அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். கங்காணி நாற்காலி கொண்டுவந்து நடு வரப்பில் போட்டான். அம்மை நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தாள். குரு தரையில் உட்கார்ந்தால் சீடன் நாற்காலியில் உட்கார முடியுமா? அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"எல்லாரையும் கூப்புடட்டுமா அம்மை?"

"வேண்டாம். அவிய வேலையப் பாக்கட்டும். பாடம் மொதச் சீடருக்கு."

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

"தண்ணி குடிச்சியளா?"

"காலைல ஒரு பாட்டில் குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"இன்னும் குடிங்க. ஏட்டி, டிரம்முலேருந்து மோந்து குடு."

மோந்து கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்தார். இன்னொரு செம்பு கொடுக்கச் சொன்னாள். குடித்தார். இன்னொன்று. மூன்றாவதைக் கொஞ்சம் மூச்சு விட்டுக் குடித்தார். வேலை செய்துகொண்டிருந்த பொம்பளைகள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"பாத்துக்கிடுங்கட்டி!" என்று அவர்களைப் பார்த்து சத்தம்போட்டார் அண்ணாச்சி. "இப்படிக் குடிக்கணும்!"

பிறகு அம்மை கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணாச்சியும் மூடிக்கொண்டார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மூடினார். வலது தொடையிலிருந்து இடது தொடைக்கு மாறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மாறினார்.

"அம்மை."

"ம்."

"பாடம் எப்ப ஆரம்பிக்கும்?"

"நடந்துக்கிட்டுத்தான இருக்கு."

இன்னும் கொஞ்ச நேரம். அண்ணாச்சியின் நெற்றி முழுக்க வேர்வை. அது வெயில் வேர்வை இல்லை.

"அம்மை, ஒரு நிமிசம் போயிட்டு வந்துருதேன்."

"எங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"இப்படி ஓரமா..."

"ஓரம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு பக்கமும் வெள்ளைவெளேரென்று கிடந்தது. நாலு பக்கமும் பொம்பளைகள் நின்றார்கள்.

"கார எடுத்துட்டு ஒரு எட்டு..."

"இவிய யாருக்கும் கார் கெடையாது. உக்காருங்க."

"நான் ஆம்பளதான அம்மை. அந்தக் கடேசி வரப்புல திரும்பி நின்னா என்ன?"

"போங்க" என்றாள் அம்மை. அவர் எழுந்து நாலு எட்டு வைத்ததும் குரலை உயர்த்தினாள். "ஏட்டி, எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க! அண்ணாச்சி போறாவ!"

அத்தனை தலையும் திரும்பியது. அண்ணாச்சி நின்ற இடத்திலேயே மரமாக நின்றார். பிறகு தொடையை இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் கறுத்துவிட்டது.

"அன்னா தெரியுதுலா, கருவேலங்காடு" என்று அம்மை கையைக் காட்டினாள். கானல்நீருக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. "அங்க போவலாம். போயிட்டு வரதுக்குள்ள கங்காணி அர நாள் கூலிய வெட்டிருவாரு. அதனால யாரும் போறதில்ல. இருட்டுல வீட்ட விட்டு வந்தா, இருட்டுன பெறகுதான். அதுவரைக்கும் ஒரே வழி. குடிக்காம இருக்கது."

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்து ஓடினார். செருப்பு ஒன்று வரப்பிலேயே கிடந்தது.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்தாத சிரிப்பு. என் தங்கச்சி வடிவு பலகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

திரும்பி வந்த அண்ணாச்சி அழுதுகொண்டே உப்பு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"கண்ணத் தொறந்துட்டிய அம்மை. நான் மாட்டுப்பய. இத்தன வருசமா இது எனக்குத் தோணவே இல்ல. நாளைக்கே கட்டுதேன்."

"எங்க கட்டுவிய?"

"நல்ல எடமாப் பாத்து."

"யாருக்கு நல்ல எடம்?"

அதற்குள் அவர் போனை எடுத்துக் கொத்தனாரோடு பேச ஆரம்பித்திருந்தார். அவர் அழுதது பொய்யில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். நம்பினேன். வீட்டுக்கு வரும் வழியில் வடிவுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். "வீட்டுக்குப் போய்க் குடிக்கேன்க்கா" என்றாள்.

அவர் கட்டினார். இல்லை என்று சொல்ல மாட்டேன். வைகாசி முடிவதற்குள் கட்டி முடித்துவிட்டார். திறப்பு விழாவுக்கு எங்களை அழைக்கக் காரே வந்தது.

பாத்திகளுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தோம். அங்கே இல்லை. ரோட்டு ஓரத்தில், அளத்தின் வாசலில், லாரிகள் உப்பு ஏற்றுகிற இடத்தில், ஆபீசுக்கு அடுத்தாற்போல் நின்றது. கருவேலங்காட்டுத் தூரம் இல்லை, ஆனால் அதில் பாதி இருக்கும். சுவர் முழுக்கப் பளபளவென்று டைல். வாசலில் வாழைமரம். கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

சுவரின் வெளிப்பக்கம் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரிசையாகச் சாமிப்படம். பிள்ளையார், முருகன், மாதா, மசூதி, எல்லாம் டைலில். நட்டநடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிசாக, எங்கள் அம்மையின் முகம்.

"எப்படி அம்மை?" என்றார் அண்ணாச்சி. "கோயில் மாதிரி கட்டியிருக்கேன்."

"படம் எதுக்கு?"

"இந்த லாரிக்காரனுவ இருக்கானுவள்லா, புதுச் சுவத்தக் கண்டா வந்து நின்னுருவானுவ. நாறடிச்சிருவானுவ. சாமி படம் இருந்தாத்தான் பயப்படுவான்."

"பூட்டு எதுக்கு?"

"பொம்பளைக உள்ள அசிங்கம் பண்ணிருவாளுவ அம்மை."

"அதுக்குத்தான கட்டுனிய?"

அண்ணாச்சி ஓஹோவென்று சிரித்தார். அம்மை தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"சாவி யாருகிட்ட?"

"கங்காணிகிட்ட இருக்கும். யாருக்கு வேணும்னாலும் போய்க் கேட்டு வாங்கிக்கிடலாம்."

அம்மை சுவரில் இருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத எடுத்துருங்க."

"ஐயோ, ஒட்டுன சாமியப் பேக்கப்படாது அம்மை. குடும்பத்துக்கு ஆவாது."

ரிப்பன் வெட்டினார்கள். பொம்பளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி அண்ணாச்சி பேசினார். தண்ணீர் குடித்தால் உடம்புக்கு என்ன தெம்பு, மனசுக்கு என்ன தெளிவு, வேலையில் என்ன சுறுசுறுப்பு. எல்லாம் அம்மையிடம் கேட்டதுதான், ஒரு சொல் தப்பில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். பாட்டிலில் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். வடிவு அதை வீட்டில் மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொண்டாள்.

"போனியாட்டி?" என்று பத்து நாள் கழித்து வடிவைக் கேட்டேன்.

"எங்க?"

"அதான், கட்டியிருக்காவள்லா."

"எப்படிக்கா போவ? மாதா அங்க நிக்கா. பிள்ளையாரு நிக்காரு. அவுகளத் தாண்டிக்கிட்டு இதுக்கா உள்ள போவ? போதாக்கொறைக்கு அம்மை வேற கண்ண முழிச்சுப் பாக்கா."

"சாமிக்கு ஒன்னப் பாக்கதுதான் வேலையாட்டி?"

"சரி, சாமிய விடு. கங்காணிகிட்டப் போயிச் சாவி கேக்கணும். எதுக்குன்னு கேப்பான். தெரிஞ்சே கேப்பான். லாரிக்காரனுவ பூராவும் நின்னு கேப்பானுவ. அதுக்கு நான் குடிக்காமயே இருந்துட்டுப் போறேன்."

ஒருத்தியும் போகவில்லை. டிரம் சாயங்காலம் வரைக்கும் நிறைந்தே கிடந்தது.

ஆனால் அந்தக் கட்டடம் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கங்காணி அம்மையின் படத்துக்குச் சூடம் காட்டினான். லோடு ஏற்றிய லாரிக்காரர்கள் அங்கே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள். ஒருவன் தகர உண்டியல் ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தான். மூத்திரம் பெய்யக் கட்டினது உண்டியல் வைத்துக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. கோயில் மாதிரிதான் இருந்தது.

ஆடியில் வடிவுக்குக் கால் வீங்கியது. முதுகு வலிக்கிறது என்றாள், நீர் நெருப்பாகப் போகிறது என்றாள். ரெண்டாம் தடவை வரப்பில் விழுந்தாள். சொன்ன சொல் தவறாமல் அண்ணாச்சி அவளை நிறுத்திவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா. ரத்தம் எடுத்த சீட்டைப் பார்த்தது, வடிவைப் பார்த்தது.

"ஏம்மா, இத்தன வருசம் வெயில்ல நின்னுருக்கீங்க, தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

வடிவு முந்தானையை வைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அந்தப் பெண். ரெண்டு கிட்னியும் போய்விட்டது. இனி மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் உயிரை ஓட்ட வேண்டும். உடம்பிலிருந்து நீர் வெளியே போகாது. அதனால் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். நாளைக்கு ரெண்டு டம்ளர், மருந்து முழுங்கவும் அதில்தான். கூடக் குடித்தால் நெஞ்சில் ஏறிவிடும்.

வார்டில் வடிவுக்குக் கிடைத்த கட்டில் கடைசிக் கட்டில். அடுத்தாற்போல் கக்கூஸ். அதற்கு வெளியே ஒரு குழாய், மூட மூடச் சொட்டிக்கொண்டே இருக்கும். வடிவு பகல் முழுக்க அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"அக்கா, பாத்தியா, கைக்கெட்டுற தூரத்துல இருக்கு" என்றாள். "எவன்ட்டயும் சாவி கேக்க வேண்டாம். எத்தன தடவ வேணும்னாலும் போவலாம்."

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"ஒரு செம்பு குடுக்கா. ஒரே ஒரு செம்பு. நாக்கு பசை போட்டு ஒட்டுன மாதிரி இருக்கு."

நான் அம்மையின் குடிசையில் ஊருக்கே தண்ணீர் மோந்து கொடுக்கிறவள். என் தங்கச்சிக்குக் கொடுக்க முடியவில்லை. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன். அவள் பஞ்சைக் கடித்து உறிஞ்சினாள். பிடுங்கி எடுத்தேன். என் வாழ்நாளில் நான் என்னை அவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி ஒரு குலை இளநீர் அனுப்பிவைத்தார். நர்சம்மா சத்தம்போட்டது. கிட்னிக்காரர்களுக்கு இளநீர் விஷமாம். கட்டிலுக்கு அடியில் கிடந்த குலையைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாக வெட்டிக் குடிக்கிற சத்தத்தை வடிவு கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

எல்லாவற்றையும் அம்மையிடம் வந்து கொட்டினேன். திட்டினேன் என்றும் சொல்லலாம். "ஒங்க மொகந்தான் அங்க காவல் நிக்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மை எழுந்தாள். குடிசைக்குப் பின்னால் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். அளத்து வாசல் வரை நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

ஒரே போடு. பூட்டு தெறித்தது. அடுத்த போடு அவள் முகத்தில், அந்த டைலில். மூக்கும் வாயும் சில்லாக உதிர்ந்தன.

கங்காணி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். "ஐயோ, தெய்வக் குத்தம்! தெய்வக் குத்தம்!"

"நாந்தானடே அது" என்றாள் அம்மை. "என் மொகத்த நான் ஒடைக்கேன். ஒனக்கு என்ன?"

உப்பு வாரிக்கொண்டிருந்த பொம்பளைகள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். ஒருத்தியாவது வருவாள் என்று நின்றோம். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் புதுப் பூட்டு தொங்கியது. புதுப் படமும் வந்துவிட்டது, முன்னதைவிடப் பெரிசாக. அம்மைக்கு அருள் வந்து தன் பழைய முகத்தைத் தானே உடைத்தாள் என்று கங்காணி கதை கட்டியிருந்தான். உண்டியலில் வசூல் கூடியது என்று கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி பழத்தட்டோடு வந்தார். உட்கார்ந்தார். தோளில் பாட்டில் தொங்கியது.

அம்மையின் முதல் கேள்விக்குக் காத்திருந்தார்.

"என்ன அம்மை, வழக்கமாக் கேப்பியள்லா. இன்னைக்குக் கேக்கவே இல்ல."

அம்மை பழத்தட்டைத் தள்ளி வைத்தாள்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். நெசமாகவே ஆள் வாடித்தான் இருந்தார்.

"நான் என்ன கொற வச்சேன் அம்மை? நீங்களே சொல்லுங்க. குடிக்கத் தண்ணி வச்சேன். நீங்க சொன்னிய, எடம் கட்டுனேன். ஊர்ல எந்த மொதலாளி கட்டியிருக்கான்? ஆஸ்பத்திரிக்கு எளநீ அனுப்புனேன். எல்லாம் செஞ்சும் ராத்திரி தூக்கமே வர மாட்டேங்கு. காலைல எந்திரிக்க முடியல. பழையபடி அசதி. எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் நாக்கு வறண்டே கெடக்கு. இது எதனால அம்மை?"

அம்மை என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி சொர்ணம், வடிவுக்கு ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி சொல்லியிருக்காவ?"

"ரெண்டு டம்ளர், அம்மை. மருந்துக்கும் சேத்து."

"யாரு வடிவு?" என்றார் அண்ணாச்சி. "அந்த... அவளா?"

"என் தங்கச்சி" என்றேன் நான்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மூலையில் பானை இருந்தது. காலையில் நான் நிரப்பியது, கழுத்து வரை நின்றது. அம்மை அதைக் காட்டினாள்.

"அதுல ரெண்டு டம்ளர் எடுத்துத் தனியா வையி."

எடுத்து வைத்தேன்.

"மிச்சத்தப் பூராவும் அண்ணாச்சிக்கு ஊத்து" என்றாள். "உப்பைத் தின்னவிய, குடிக்கட்டும்."